வீராவில் 4ஜி93 டர்போ ஓவர்ஹால்: பாலத்தில் மிதித்தவுடன் இழுக்க வேண்டும், என்ன செய்யலாம்?

வீரா_பிறை | திங்கள், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். கார் 1996 புரோட்டான் வீரா. எனக்கு முன் வைத்திருந்தவர் ஜப்பான் ஹாஃப் கட்டிலிருந்து (பாதியாக வெட்டி வரும் பழைய கார்) 4ஜி93 டர்போ இன்ஜினை எடுத்து இறக்கியிருக்கிறார். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் இன்ஜின் எண் முறையாக மாறியிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். மூன்று வருடம் ஆகிறது. வீடு பிறையில், வேலை பாயான் லெப்பாஸில். தினமும் பினாங்குப் பாலம்.

போன மாதம் தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைச் சாலையில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் நீலப் புகை. வீட்டுக்கு வந்ததும் ஐட்லிங் ஆடியது. கம்ப்ரஷன் பார்த்தோம். 1, 2, 4-ஆவது சிலிண்டர் மூன்றும் 150 பிஎஸ்ஐ பக்கம். 3-ஆவது மட்டும் 95. கொஞ்சம் மினியாக் ஹித்தாம் (இன்ஜின் எண்ணெய்) ஊற்றிப் பார்த்ததில் 130 வரை ஏறியது. ரிங் பக்கம்தான் கோளாறு என்று தெரிகிறது.

எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும். பிரிக்கும்போதே ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்துச் செய்த) பிஸ்டன், நல்ல கனெக்டிங் ராடு, டிடி05-16ஜி டர்போ எல்லாம் போட்டு 300 குதிரைசக்திக்குக் கொண்டுபோகலாம் என்று யோசனை. கையில் 9,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. தினமும் ஓட்டும் கார், மிதித்தவுடன் இழுக்க வேண்டும். எந்த டர்போ நல்லது?

சுங்கைபூலோ_பையன் | திங்கள், இரவு 11.05

16ஜி போடு புரோ, யோசிக்காதே. என் நண்பன் காரில் 1.3 பார் பூஸ்டில் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) சும்மா பறக்கிறது. சின்ன டர்போ போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி மாற்றினால் செலவு இரண்டு தடவை.

பழைய_ஃபோர்மன் | செவ்வாய், காலை 6.20

தம்பி, டர்போ பேச்சை ஒரு பக்கம் வை. நான் கேட்பதற்குப் பதில் சொல். பாலத்தில் லோரியைத் தாண்ட வேண்டும் என்றால் அப்போது எந்த கியரில் இருக்கிறாய், ஆர்பிஎம் எவ்வளவு?

வீரா_பிறை | செவ்வாய், பகல் 12.50

அங்கிள், பாலத்தில் 80-தான் வேகக் கட்டுப்பாடு. ஐந்தாவது கியரில் போனால் 2,300 பக்கம் இருக்கும். நான்காவதுக்கு இறக்கினால் 3,000.

பழைய_ஃபோர்மன் | செவ்வாய், பகல் 1.15

பார். நீ வாழ்கிற இடம் 2,300-க்கும் 3,500-க்கும் நடுவில். 16ஜி கண் விழிப்பதே அதற்கு மேல்தான். 300 குதிரை 6,500-இல் இருக்கும். பாலத்தில் 6,500 எப்போது போகப் போகிறாய்? உன் காடி முன்சக்கரம் இழுக்கிற காடி வேறு. முதல் கியரில் அவ்வளவு பவர் வந்தால் டயர்தான் சுத்தும்.

டேட்டாலாகர்_கேஎல் | செவ்வாய், இரவு 9.30

ஃபோர்மன் அங்கிள் சொன்னதையே நான் வேறு மாதிரி சொல்கிறேன். நம்மாட்கள் எல்லாவற்றையும் "லேக்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, டர்போவைச் சுழற்றும் அளவுக்குப் புகை ஓட்டமே இல்லாத ஆர்பிஎம். 1,800-இல் எவ்வளவு மிதித்தாலும், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பூஸ்ட் முழுதாக வராது. அது டர்போவின் அளவும் இன்ஜினின் சிசியும் சேர்ந்து தீர்மானிக்கும் வாசல். இரண்டாவது, அந்த வாசலைத் தாண்டிய பிறகும் மிதித்த நொடிக்கும் பூஸ்ட் ஏறும் நொடிக்கும் இடையில் வரும் தாமதம். டர்போவுக்குள் இருக்கும் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போக வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். அதுதான் உண்மையான லேக்.

வீரா_பிறை கேட்பது பெரும்பாலும் முதல் விஷயம். அதற்கு மருந்து சின்ன டர்பைன் (டர்போவில் புகை சுழற்றும் சக்கரம்), கொஞ்சம் கூடுதல் கம்ப்ரஷன், டர்போவுக்குப் பின்னால் தாராளமான டவுன்பைப் (புகை வெளியேறும் குழாய்), டர்போவுக்கு முன்னால் ஒரு துளிகூட ஒழுகாத மேனிஃபோல்ட். டர்பைனுக்குப் போக வேண்டிய புகை வெடிப்பு வழியாக வெளியே போனால் நீங்கள் எந்த பிராண்டு வாங்கினாலும் வீண். இன்ஜினோடு வந்த டிடி04 இதற்கு நல்ல டர்போ. தண்டு ஆடாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். லான்சர் ஜிஎஸ்ஆரில் இதே இன்ஜின் 195 குதிரை கொடுத்தது. இதே டர்போவில் 0.9 பார், நல்ல டியூனிங் என்று போனால் 220-230 கிடைக்கும். தினசரி காருக்கு அது அதிகமே.

சுங்கைபூலோ_பையன் | செவ்வாய், இரவு 9.44

220 குதிரைக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டனா 😂 அப்படியே விட்டுவிட வேண்டியதுதானே.

வீரா_பிறை | சனி, மாலை 5.10

பிரித்துவிட்டோம். 3-ஆவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் பகுதி இரண்டு விரல் அகலத்துக்கு உடைந்து நிற்கிறது. சுவரில் கீறல், நகத்தில் மாட்டுகிறது. மற்ற மூன்றும் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. பட்டறையில் "பழைய இன்ஜின், அப்படித்தான் உடையும், புது பிஸ்டன் போட்டுக் கொடுக்கிறோம்" என்கிறார்கள். சரியா?

பழைய_ஃபோர்மன் | சனி, மாலை 6.00

சரியில்லை. எதுவும் சும்மா உடையாது. முதல் ரிங்கை எடுத்து அதன் இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பார். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் சூட்டில் ரிங் நீண்டு முனையும் முனையும் முட்டியிருக்கிறது, கேப் பத்தவில்லை என்று அர்த்தம். கரி படிந்து மங்கலாக இருந்தால் காரணம் வேறு. அப்புறம் 3-ஆவது பிளக்கையும் தூக்கிப் போடாதே. பீங்கான் பகுதியில் மிளகுத் தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளியோ, வெள்ளிக் குண்டூசித் தலை மாதிரி மணியோ இருக்கிறதா பார்.

வீரா_பிறை | சனி, இரவு 8.35

ரிங் முனை மங்கல்தான், கரி இருக்கிறது. பிளக்கில் அந்த வெள்ளி மணி இருக்கிறது அங்கிள்! மற்ற மூன்று பிளக்கிலும் இல்லை.

பழைய_ஃபோர்மன் | சனி, இரவு 8.50

அந்த மணி உன் பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடு இல்லாமல் தானாக வெடிப்பது. அதுவும் ஒரே ஒரு சிலிண்டரில். அப்படியென்றால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் பத்தவில்லை. நாலு இன்ஜெக்டரையும் கழற்றி ஃப்ளோ டெஸ்டுக்குக் கொடு. இதைப் பார்க்காமல் புது பிஸ்டன் போட்டிருந்தால் அடுத்த தீபாவளிக்கு அதையும் கழற்றியிருப்பாய்.

வீரா_பிறை | புதன், இரவு 9.15

இன்ஜெக்டர் ரிப்போர்ட் வந்தது. 3-ஆவது மற்றவற்றைவிட 15 சதவீதம் குறைவாக ஊற்றுகிறது. முந்தைய உரிமையாளர் பூஸ்டைக் கூட்டி வைத்துவிட்டு இதைக் கவனிக்கவில்லை போல. நானும் மூன்று வருடம் கவனிக்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாலு இன்ஜெக்டரும் மாற்றுகிறேன்.

போரிங் கடையில் சிலிண்டர் விட்டத்தைக் கடைந்து 81.5 மி.மீ. வரை போனால் கீறல் போய்விடும் என்கிறார்கள். பிஸ்டன் விஷயத்தில் மட்டும் இன்னும் குழப்பம்.

போரிங்கடை_மகன் | புதன், இரவு 10.30

இது என் அப்பாவின் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்ஜ்டு என்றால் எல்லாம் ஒன்றல்ல. பரவலாக இரண்டு கலவை வருகிறது, 2618, 4032. 2618-இல் சிலிக்கன் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் கேப் அதிகம் விட வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்தால் சூடேறும் வரை டக் டக் என்று சத்தம் கேட்கும். ரேஸ் காருக்கு அது பரவாயில்லை. 4032-இல் சிலிக்கன் 12 சதவீதம் பக்கம். அவ்வளவு விரியாது, கேப் இறுக்கமாக வைக்கலாம், சத்தம் இல்லை, ரிங்கும் ஆடாமல் உட்காரும். தினம் வேலைக்குப் போகிற 0.9 பார் காருக்கு 4032 போதும். ஃபேக்டரி வார்ப்பு பிஸ்டன் புதிதாகக் கிடைத்தால் அதுவும் ஓடும், ஆனால் நாக்கிங் வந்தால் அதற்கு மன்னிக்கத் தெரியாது. உங்கள் 3-ஆவதே சாட்சி.

பிஸ்டன் கையில் வந்த பிறகு போர் செய்யச் சொல்லுங்கள். முதலில் போர், பிறகு பிஸ்டன் தேடுவது என்பது வேண்டாம். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அந்தந்தச் சிலிண்டரை அதற்குத் தக்கபடி முடிக்க வேண்டும். கடைசி ஹோனிங் (சுவரை நுணுக்கமாகத் தேய்த்து முடிப்பது) செய்யும்போது டார்க் பிளேட் போடுவார்களா என்று கேளுங்கள். ஹெட் போல்ட்டை முறுக்கியதும் சிலிண்டர் வட்டம் லேசாகக் கோணும். தடிமனான இரும்புத் தட்டை ஹெட்டுக்குப் பதிலாக முறுக்கி வைத்து ஹோன் செய்தால், ஓடும்போது வட்டம் வட்டமாகவே இருக்கும். எங்கள் கடையில் இந்த இன்ஜினுக்குத் தட்டு இருக்கிறது. இல்லாத கடைகள் "அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

ரிங் கேப்: தெருவில் ஓடும் டர்போவுக்கு நாங்கள் முதல் ரிங்குக்குப் போர் அளவை 0.005 ஆல் பெருக்குவோம். 81.5-க்கு 0.41 மி.மீ. இரண்டாவது ரிங் அதைவிடக் கொஞ்சம் கூட, 0.45 வைக்கலாம். இரண்டாவதில் கேப் குறைந்தால் நடுவில் வாயு அடைபட்டு முதல் ரிங்கைத் தூக்கும். ஆனால் ரிங் பெட்டியில் வரும் தாளைப் படியுங்கள். பிஸ்டன் செய்தவன் சொல்வதுதான் முதல் பேச்சு.

பெரிங் மெட்டல்: ஜர்னல் (பெரிங்கில் சுழலும் தண்டுப் பகுதி) 50 மி.மீ. என்றால் 0.05 மி.மீ. எண்ணெய் கேப், அந்தக் கணக்குதான். பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து கேப் அளக்கும்) நூலை மட்டும் நம்பாதீர்கள், மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வைத்து அளக்கச் சொல்லி எண்களை எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்கிற கடையில் வேலை கொடுக்காதீர்கள்.

டேட்டாலாகர்_கேஎல் | வியாழன், காலை 8.10

அருமை. கம்ப்ரஷன் கணக்கை நான் போட்டுவிடுகிறேன். இந்த இன்ஜின் 81 போர், 89 ஸ்ட்ரோக், 1,834 சிசி, கம்ப்ரஷன் விகிதம் 8.5. ஒரு சிலிண்டர் 458.6 சிசி என்றால் மேலே மிஞ்சும் இடம் 61 சிசி. 81.5 போர் போட்டால் மொத்தம் 1,857 சிசி ஆகிறது, மேலே இடம் அதே அளவு இருந்தால் கம்ப்ரஷன் தானாகவே 8.6. ஹெட் கேஸ்கெட் 0.2 மி.மீ. மெல்லியதாகப் போட்டால் இன்னொரு 1 சிசி போய் 8.7 வரும். 9 வேண்டும் என்றால் பிஸ்டன் தலையிலேயே அதற்கு ஏற்றபடி வாங்க வேண்டும்.

பூஸ்ட் வருவதற்கு முன் காரை இழுப்பது கம்ப்ரஷன்தான். ஆனால் பினாங்கு வெயிலை மறக்காதீர்கள். ஜாமில் நின்று கிளம்பும்போது என் டேட்டா லாகில் உள்ளே போகும் காற்று 55 டிகிரி காட்டும். 9-க்கு மேல் போனால் இக்னிஷனைப் பின்னால் இழுக்க வேண்டி வரும், கூட்டிய லாபம் அங்கே போய்விடும். 8.8 பக்கம், பெட்ரோல் எப்போதும் ரான் 97. என் தேர்வு அதுதான்.

சுங்கைபூலோ_பையன் | வியாழன், காலை 11.20

லைட்வெய்ட் ஃப்ளைவீலை யாரும் சொல்லவில்லையே. ரெஸ்பான்ஸ் என்றால் முதலில் அதுதான்.

பழைய_ஃபோர்மன் | வியாழன், பகல் 1.05

ஜெலுத்தோங் ஜாமில் அரை கிளட்சில் ஏர்கானோடு ஊர்ந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்.

சுங்கைபூலோ_பையன் | வியாழன், பகல் 1.09

நான் கேஎல் ஜாமில் நாலு வருடமாக ஓட்டுகிறேன் அங்கிள். பழகிவிடும்.

டேட்டாலாகர்_கேஎல் | வியாழன், பகல் 2.30

ஃப்ளைவீல் லேசானால் முதல், இரண்டாவது கியரில் வித்தியாசம் தெரியும். பாலத்தில் ஐந்தாவதில் ஒன்றும் தெரியாது, அங்கே இன்ஜின் முழுக் காரின் எடையையும் இழுக்கிறது. இரண்டு பேர் சொல்வதும் அவரவர் சாலைக்குச் சரி.

வீரா_பிறை | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 7.40

இன்ஜின் ஏறிவிட்டது. 4032 பிஸ்டன், 81.5, கம்ப்ரஷன் 8.8. டார்க் பிளேட் இருக்கும் கடை புக்கிட் மெர்தாஜாம் பக்கம் கிடைத்தது. எல்லா அளவும் தாளில் இருக்கிறது. டிடி04-ஐ மட்டும் சர்வீசுக்குக் கொடுத்தேன். ராடு ஃபேக்டரி ராடுதான், புது போல்ட். மிச்சம் வந்த காசில் ரேடியேட்டரும் கிளட்சும். ஃப்ளைவீல் பழசு.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் என்ன செய்ய வேண்டும்? ரன்னிங் இன் (புது இன்ஜினைப் பழக்கும் ஓட்டம்) எத்தனை கிலோமீட்டர்? பட்டறையில் ஒருவர் 1,000 கி.மீ. வரை 2,500-ஐத் தாண்டாதே என்கிறார்.

பழைய_ஃபோர்மன் | ஞாயிறு, இரவு 8.15

டர்போவுக்கு எண்ணெய் போகும் வாயில் கொஞ்சம் மினியாக் ஹித்தாம் ஊற்று. பிளக்கைக் கழற்று, பெட்ரோலையும் இக்னிஷனையும் நிறுத்து, ஸ்டார்ட்டரை மட்டும் சுற்று. எண்ணெய் பிரஷர் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக். டர்போவின் திரும்பும் குழாய் நேராகக் கீழே இறங்குகிறதா, நடுவில் மடிந்திருக்கிறதா பார். அது தேங்கினால் டர்போ நன்றாக இருந்தாலும் புகைக்கும், நீ டர்போவைத் திட்டுவாய்.

1,000 கி.மீ. மெதுவாக ஓட்டுவது நாங்கள் எல்லாம் செய்ததுதான்.

டேட்டாலாகர்_கேஎல் | ஞாயிறு, இரவு 9.00

இதில் மட்டும் அங்கிளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ரிங் சுவரோடு பழகுவதற்கு அதைப் பின்னாலிருந்து தள்ளும் வாயு அழுத்தம் வேண்டும். ஹோனிங்கில் வந்த சொரசொரப்பு முதல் சில பத்து கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். அந்த நேரத்தில் கிழவி போல ஓட்டினால் சுவர் மினுங்கிப்போய் ரிங் கடைசி வரை உட்காராது. மினரல் எண்ணெய் ஊற்றி, சூடேறிய பிறகு மூன்றாவது கியரில் 2,500-இலிருந்து 4,500 வரை பாதி மிதி, பிறகு காலை எடுத்து இன்ஜின் பிரேக்கிலேயே இறங்க விடு. பூஸ்ட் வேண்டாம். இப்படி ஒரு இருபது தடவை. ஒரே வேகத்தில் ஹைவே ஓட்டம் வேண்டாம். 50 கி.மீ.-இல் எண்ணெய் மாற்று, 500-இல் மறுபடி.

போரிங்கடை_மகன் | ஞாயிறு, இரவு 9.20

அப்பாவும் இதையேதான் சொல்வார். 1,000 கி.மீ. கணக்கு பழைய காலத்து ஹோனிங்குக்கு, அப்போது சுவர் இன்னும் கரடுமுரடாக இருந்தது.

பழைய_ஃபோர்மன் | ஞாயிறு, இரவு 9.40

சரி சரி. ஆனால் எண்ணெயை வடிக்கும்போது ஃபில்டரை வெட்டிப் பார். அது எந்தக் காலத்துக்கும் பொருந்தும்.

வீரா_பிறை | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 11.20

சனிக்கிழமை விடியலில் சிம்பாங் அம்பாட் வழியாக நிபோங் திபால் வரை பழைய சாலையில் ஓட்டி ரன்னிங் இன் முடித்தேன். ஃபில்டரை வெட்டினேன், ஹோனிங் தூள் கொஞ்சம், பளபளப்பான துண்டு ஏதும் இல்லை. இப்போது நாலு சிலிண்டரும் 160 பக்கம். புகை இல்லை. டியூனிங்கும் ஆயிற்று, மிதிக்கும்போது ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) 11.7.

ஆனால் மனம் விட்டுப் போய்விட்டது. பூஸ்ட் 3,800-இல்தான் வருகிறது! பழைய உடைந்த இன்ஜினே 3,200-இல் இழுத்தது. 9,000 வெள்ளி தாண்டிவிட்டது, பாலத்தில் லோரிக்குப் பின்னாலேயே போகிறேன். கம்ப்ரஷன் தப்பா, கேம் டைமிங் தப்பா?

சுங்கைபூலோ_பையன் | வெள்ளி, இரவு 11.31

3,800-இல் வருவதற்கு 16ஜி-யே போட்டிருக்கலாமே என்று சொல்ல வாய் வருகிறது. சொல்ல மாட்டேன்.

டேட்டாலாகர்_கேஎல் | சனி, காலை 9.00

முதலில் ஒழுகல் பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி டர்போவின் வாயை மூடி கம்ப்ரசரில் 15 பிஎஸ்ஐ கொடுத்து, ஒவ்வொரு ஹோஸ் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். கேம் ஒரு பல் தவறியிருந்தால் கம்ப்ரஷனிலேயே தெரிந்திருக்கும், 160 நல்ல எண்.

வீரா_பிறை | சனி, மாலை 4.45

ஒரு கிளாம்ப் லூஸ், இறுக்கினேன். 3,700 ஆயிற்று. அவ்வளவுதான்.

பழைய_ஃபோர்மன் | சனி, மாலை 5.30

டர்போவைச் சர்வீசுக்குக் கொடுத்தாய் அல்லவா? வேஸ்ட்கேட் என்பது கூடுதல் புகையை டர்பைனுக்குப் போகாமல் வெளியே விடும் கதவு. அதை அசைக்கும் ஆக்சுவேட்டர் ராடைப் பின்னிலிருந்து கழற்று. கதவைக் கையால் முழுக்க மூடிப் பிடி. இப்போது ராடின் வளையம் பின்னுக்கு எங்கே நிற்கிறது? ஒன்றிரண்டு மி.மீ. இழுத்தால்தான் பின்னில் ஏற வேண்டும். இழுக்காமலே ஏறினால், இல்லை பின்னைத் தாண்டிப் போய் நின்றால், கதவு திறந்தே கிடக்கிறது. புகை டர்பைனைச் சுத்தாமல் அந்த வழியாகப் போய்விடும். ராடைச் சுற்றிக் குறை. ஒரு தடவைக்கு ஒரு சுற்று. குறைத்த பிறகு உச்ச பூஸ்டும் கொஞ்சம் ஏறும், அதனால் மீட்டரைப் பார்க்காமல் முழு மிதி மிதிக்காதே.

வீரா_பிறை | ஞாயிறு, காலை 11.10

அங்கிள்!! வளையம் பின்னைத் தாண்டி 3 மி.மீ. வெளியே நிற்கிறது. கழற்றி மாட்டியவர்கள் ராடைச் சும்மா கண்ணளவில் சுற்றி விட்டிருக்கிறார்கள். அதாவது முதல் நாளிலிருந்து கதவு மூடவே இல்லை. ராடைக் குறைத்து, பின்னில் ஏற்ற 1.5 மி.மீ. இழுக்க வேண்டிய அளவில் வைத்தேன். இப்போது 2,600-இல் 0.5 பார், 3,100-இல் 0.9. அதற்கு மேல் ஏறாமல் நிற்கிறது.

காலையில் பாலத்தில் ஏறி ஐந்தாவது கியரிலேயே மிதித்தேன். கியரை இறக்கவில்லை. லோரி பின்னால் போனது. ஒரு ராடு, ஒரு நட்டு. மூன்று வாரம் தூக்கம் போனது இதற்குத்தான்.

டேட்டாலாகர்_கேஎல் | ஞாயிறு, பகல் 12.00

நான் சோப்புத் தண்ணீரோடு நின்றுவிட்டேன், அங்கிள் நேராகப் போய்விட்டார். ஆனால் ஒன்று, டியூனிங் செய்தது கதவு திறந்திருந்தபோது. கீழ் ஆர்பிஎம்மில் இப்போது வரும் பூஸ்டுக்கு அந்த மேப்பில் (டியூனிங் அட்டவணையில்) யாரும் போயே பார்த்திருக்க மாட்டார்கள். மறுபடி டைனோவில் (பவர் அளக்கும் கருவியில்) ஏற்றும் வரை முழு மிதி வேண்டாம். பழைய 3-ஆவது பிஸ்டனை மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

வீரா_பிறை | ஞாயிறு, பகல் 12.20

வியாழக்கிழமை டைனோவுக்கு நேரம் வாங்கிவிட்டேன். இன்னொன்று, ஏர்கான் போட்டால் ஐட்லிங் 600-க்கு இறங்கி ஆடுகிறது. முன்பு இப்படி இல்லை.

பழைய_ஃபோர்மன் | ஞாயிறு, பகல் 12.45

த்ராட்டில் பாடியில் ஐட்லிங் மோட்டாரைக் கழற்றிக் கரியைத் துடைத்தார்களா? துடைத்திருக்க மாட்டார்கள். கிளீனர் அடிக்கும்போது மோட்டாருக்குள் போகாமல் பார்த்துக்கொள். ஊசி முனையையும் அது உட்காரும் துளையையும் மட்டும் துடை. அப்படியும் ஆடினால் படம் எடுத்துப் போடு, பார்க்கலாம்.